ஐஸ் பெட்டிக்கு ஒரு வெப்சைட்

“டீச்சர், டெம்ப்ளேட் எடுத்துப் போட்டுரவா, இல்ல மொத்தத்தையும் நானே வரையவா?”

இசக்கிராஜ் இதைக் கேட்டபோது பேராச்சி டீச்சர் பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

தூத்துக்குடியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் நடக்கிற வகுப்பு அது. வெப்சைட் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். டீச்சருக்கு முப்பது வயது இருக்கும். சீடருக்கு நாற்பத்தைந்து. கப்பல் ஏஜென்சி ஆபீஸில் உட்கார்ந்து தேய்த்த நாற்காலியை ஒருநாள் உதறிவிட்டு, இனி இதுதான் என் தொழில் என்று வந்து சேர்ந்தவர். ஆபீஸில் சிரித்தார்கள். வீட்டில் சிரிக்கக்கூட இல்லை.

“யாருக்கு?” என்றார் டீச்சர்.

“லூர்து அண்ணாச்சிக்கு. ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுதாருல்லா, அவருக்கு. என்னோட மொத வேல டீச்சர்.”

ஐஸ் பெட்டி என்றால் செத்தவர்களை வைக்கிற பெட்டி. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடம்பு கெடாமல் இருக்க, கண்ணாடி மூடி போட்டு, நடு வீட்டில் ப்ளக் செருகி வைப்பார்கள். ஊரில் ஒரு சாவு விழுந்தால் ஆளனுப்புவதும் அழுவதும் அப்புறம்தான். முதலில் பெட்டி சொல்ல வேண்டும். லூர்து அண்ணாச்சியிடம்தான் சொல்வார்கள்.

“டெம்ப்ளேட்டா, சொந்தமா டீச்சர்?”

டீச்சர் கிழங்கை இரண்டாக ஒடித்தார். ஒரு பாதியை இசக்கிராஜ் கையில் வைத்தார். மறுபாதியைத் தின்றபடி அடுத்த ஆளின் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போய்விட்டார்.

இசக்கிராஜ் கையிலிருந்த பாதிக் கிழங்கைப் பார்த்தார்.

சீடர்கள் பாடே இதுதான். குரு கொட்டாவி விட்டாலும் அதில் ஏதோ இருக்கிறது என்று வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிப்பார்கள்.

அவர் பஸ்ஸிலேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். பாதி டெம்ப்ளேட், பாதி சொந்தம் என்கிறாரா? அப்படியானால் ஏன் பெரிய பாதியை எனக்குக் கொடுத்தார்? வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பிடிபட்டது. கிழங்கு ஏற்கனவே அவித்தது. நாம் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. உரித்தால் தின்னலாம்.

அப்படியென்றால் டெம்ப்ளேட்.

*

டெம்ப்ளேட் என்பது யாரோ எங்கேயோ செய்து வைத்த பக்கம். படத்தை மாற்றி, பெயரை மாற்றினால் நம்முடையது ஆகிவிடும். ஆகிவிடும் என்றுதான் சொல்கிறார்கள்.

தேடினால் குவியல் குவியலாகக் கிடைத்தன. கேக் கடைக்கு இருந்தது. அழகு நிலையத்துக்கு, ஜிம்முக்கு, கல்யாண மண்டபத்துக்கு இருந்தது. ஐஸ் பெட்டிக்கு மட்டும் இல்லை. சாவைப் பற்றி மட்டும் யாரும் முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை.

இசக்கிராஜ், வீட்டுக்குச் சோறு அனுப்புகிற ஹோட்டலுக்கான டெம்ப்ளேட் ஒன்றை எடுத்தார். அவர் நியாயம் அவருக்கு. அங்கேயும் விலாசம் வேண்டும், வண்டி கிளம்ப வேண்டும், வாசலில் போய் இறக்க வேண்டும். இங்கேயும் அதேதான். பிரியாணியை எடுத்துவிட்டுப் பெட்டியைப் போட்டால் ஆயிற்று.

பிரியாணியை எடுத்தார். பெட்டியைப் போட்டார். ‘இன்றைய ஸ்பெஷல்’ என்று இருந்ததை ‘எங்கள் சேவைகள்’ என்று மாற்றினார். ஆரஞ்சு நிறத்தைக் கறுப்பாக்கினார். அன்று சாயங்காலமே வேலை முடிந்துவிட்டது.

“சுருக்கா முடிச்சிட்டீங்களே தம்பி,” என்று லூர்து அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்தார்.

கொஞ்ச நாள் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒருவர் வந்தார். அப்பாவைப் பறிகொடுத்த மகன். பக்கத்தைத் திறந்தார், விலாசத்தைப் போட்டார், பட்டனை அழுத்தினார். பெட்டி சொல்லியாயிற்று.

உடனே அவர் போனுக்கு ஒரு மெசேஜ் போனது. இசக்கிராஜின் கண்ணில் படாமல் டெம்ப்ளேட்டின் அடியில் எங்கேயோ படுத்துக் கிடந்த மெசேஜ்.

‘வாழ்த்துகள்! உங்கள் ஆர்டர் கிளம்பிவிட்டது. குடும்பத்தோடு கொண்டாடுங்கள். விரைவில் மீண்டும் வருக!’

லூர்து அண்ணாச்சி பெட்டியோடு போய் இறங்கியபோது, அந்த மகன் வாசலிலேயே அவர் சட்டையைப் பிடித்தார். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

*

“டெம்ப்ளேட் தப்பு டீச்சர்.”

டீச்சர் முழுக் கதையையும் கேட்டார். சிரிக்கவில்லை.

“நீங்கதான டீச்சர் டெம்ப்ளேட் போடச் சொன்னீங்க?”

“நான் எப்ப சொன்னேன்?”

“கிழங்கு குடுத்தீங்கல்லா. அவிச்ச கிழங்கு.”

டீச்சர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“அண்ணே, நீங்க அன்னைக்குச் சாப்பிடாம வந்த மாதிரி இருந்துது. பசிக்குமேன்னு குடுத்தேன்.”

இசக்கிராஜுக்குக் காது சூடாகிவிட்டது. இருந்தாலும் கேள்வியை விடவில்லை.

“அப்ப டெம்ப்ளேட் சரியா, தப்பா?”

“நம்ம கிளாஸ் முத்துச்செல்வி ஒரு கேக் கடைக்கு இதே டெம்ப்ளேட்டத்தான் போட்டிருக்கா. நல்லா ஓடுது.”

“அதே மெசேஜா போகுது?”

“அதேதான். எல்லாரும் சந்தோசமாத்தான் கேக்கு வாங்குதாங்க.”

“அப்ப டெம்ப்ளேட் சரி.”

“உங்க அண்ணாச்சி சட்டையைப் பிடிச்சாங்கல்லா?”

“அப்ப தப்பு.”

டீச்சர் தலையை ஆட்டினார். அது ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று இசக்கிராஜுக்குத் தெரியவில்லை.

“அந்த மெசேஜ எழுதினது யாரு?” என்று டீச்சர் கேட்டார்.

“யாரோ எவரோ. டெம்ப்ளேட்டோட சேந்து வந்தது.”

“எழுதினவருக்கு உங்க லூர்து அண்ணாச்சியத் தெரியுமா?”

“எப்பிடித் தெரியும்?”

“உங்களுக்கு?”

“எனக்குத் தெரியும்.”

“அப்ப நீங்க எழுதுங்க,” என்றார் டீச்சர்.

இதில் பனங்கிழங்கு எதுவும் இல்லை. நேரான பேச்சு. இசக்கிராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

*

எழுதினார். யாரோ போட்ட ஒரு கோடுகூட உள்ளே வரக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு, எல்லாவற்றையும் தானே வரைந்தார்.

பக்கத்தைத் திறந்ததும் ஒரு குத்துவிளக்கு. அதன் திரிகள் ஒவ்வொன்றாகப் பற்றும். கடைசித் திரியும் பற்றிய பிறகு மேலேயிருந்து ரோஜா இதழ்கள் உதிரும். கூடவே ஒரு புல்லாங்குழல். வந்தவர் தன் மதம் எது என்று சொன்னால் விளக்கு மெழுகுவத்தியாக மாறும், அல்லது பிறையாக மாறும். யார் மனதும் நோகக் கூடாது.

நிறம் எது என்று ஒரு கட்டத்தில் திகைத்தார்.

“டீச்சர், பின்னாடி வெள்ளையா விடவா, கறுப்பா விடவா?”

“அண்ணே, அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுங்க.”

இசக்கிராஜ் ஃபேனைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். இனி எதிலும் பொருள் தேடுவதில்லை என்று கிழங்கின் மேல் சத்தியம் செய்திருந்தார். ஆனாலும் அன்று முழுக்க ஃபேனையே அண்ணாந்து பார்த்தார். ஃபேனின் இறக்கை வெள்ளையாக இருந்தது. வெள்ளையாகவே விட்டுவிட்டார்.

பிறகு சொற்கள். எழுதி எழுதி அழித்தார். கடைசியில், ‘உங்கள் கண்ணீரில் நாங்களும் கலந்து நிற்கிறோம்’ என்று வந்தது. எழுதும்போது அவருக்கே கண் கலங்கியது. நல்ல மனுசர். அதில் சந்தேகமே இல்லை.

இறந்தவரின் பெயரைக் கேட்டார். வயதைக் கேட்டார். வந்தவர் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார். செத்தவர் யாரென்றே தெரியாமல் பெட்டியைக் கொண்டுபோய் இறக்குவது ஒரு மரியாதையா? எதையாவது நிரப்பாமல் விட்டால் பக்கம் நகராது, சிவப்பாக ஒரு வரி வந்து நிற்கும். அந்தக் கண்டிப்பு அவருக்குப் பிடித்திருந்தது.

லூர்து அண்ணாச்சி வந்து பார்த்தார். விளக்கு எரிந்து முடிகிறவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துது.”

“இது அப்பிடியில்ல அண்ணாச்சி. எல்லாம் நானே செஞ்சது.”

“எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. உங்க டீச்சர் பாத்துச் சரின்னு சொன்னா வார ஞாயித்துக்கெழம போட்டுருங்க. இல்லன்னா விட்டுருவோம். எனக்கு வெப்சைட்டே வேண்டாம்.”

“அப்பிடிச் சொல்லாதீங்க அண்ணாச்சி.”

“சாவு வீட்டு வாசல்ல இதுவரைக்கும் என்னைய ஒருத்தன் வெரல் நீட்டிப் பேசினதில்ல தம்பி. அன்னைக்கு அவன் பிடிச்சதுகூடப் பெருசில்ல. பிடிச்சிக்கிட்டே அழுதான். அதத்தான் என்னால மறக்க முடியல.”

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று இசக்கிராஜுக்குத் தெரியும். லூர்து அண்ணாச்சி கால் வைக்காத வீடு ஊரில் இல்லை. அவரே வேண்டாம் என்று சொன்ன ஆளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? பழைய ஆபீஸுக்குத்தான் போக வேண்டும். அந்த நாற்காலிக்கு அவர்கள் இன்னும் ஆள் போடவில்லை. திரும்பி வருவார் என்று காத்திருப்பதாகக் கேள்வி.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம். வகுப்பு முடிந்து எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். இசக்கிராஜ் லேப்டாப்பைத் திறந்து டீச்சர் முன்னால் வைத்தார்.

விளக்கு எரிந்தது. இதழ்கள் உதிர்ந்தன. புல்லாங்குழல் வாசித்தது. டீச்சர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார்.

“எப்பிடி இருக்கு டீச்சர்?”

“அழகா இருக்கு அண்ணே.”

“அப்ப ஞாயித்துக்கெழம போட்டுரலாமா?”

டீச்சர் எழுந்தார். சுவரோரம் இருந்த நீள பெஞ்சில் தன் பையைத் தலைக்கு வைத்து, மல்லாக்கப் படுத்தார். சேலையைக் காலுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டார். இரண்டு கால் பெருவிரலையும் கட்டிப் போட்டதுபோல ஒன்றாகச் சேர்த்து வைத்தார்.

“நான் செத்துட்டேன்,” என்றார். “பெட்டி சொல்லுங்க.”

கண்ணை மூடிக்கொண்டார்.

“அச்சானியமாப் பேசாதீங்க டீச்சர்.”

இசக்கிராஜ் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“டீச்சர், எந்திரிங்க. யாராவது வந்து பாத்தா என்ன நெனைப்பாங்க?”

செத்தவர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. டீச்சர் அசையவில்லை.

இசக்கிராஜ் சிரித்துப் பார்த்தார். தனியாகச் சிரிப்பது ஒரு மாதிரி இருந்ததால் நிறுத்திக்கொண்டார். இது கிழங்கா ஃபேனா, இல்லை நேரான பேச்சா என்று அவருக்கு விளங்கவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு ஸ்டூலை இழுத்து பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். சாவு வீட்டில் யாரும் லேப்டாப் தேட மாட்டார்கள் என்று போனை எடுத்து, தன் பக்கத்தைத் திறந்தார்.

குத்துவிளக்கு வந்தது. முதல் திரி பற்றியது.

இரண்டாவது திரி பற்றியது.

நிதானமாக எரிய வேண்டும் என்று அவரே பாடுபட்டு வைத்த நிதானம் அது. விளக்கின் மேல் விரலால் தட்டிப் பார்த்தார். அது தன் பாட்டுக்கு எரிந்தது. பிறகு இதழ்கள் விழுந்து எழுத்தை எல்லாம் மறைத்தன. சட்டென்று புல்லாங்குழல் அறை முழுக்கக் கத்தியது. அதை நிறுத்துகிற இடத்தைத் தேடினார். அப்படி ஓர் இடத்தை அவர் வைக்கவே இல்லை. போனைச் சட்டையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

‘உங்கள் கண்ணீரில் நாங்களும் கலந்து நிற்கிறோம்.’

படிக்காமல் மேலே தள்ளினார்.

‘உங்கள் மதம்?’

“இப்ப எதுக்கு இது?” என்று வாய்விட்டே கேட்டார்.

அந்த நேரத்தில் ஒரு ஈ வந்து டீச்சர் கன்னத்தில் உட்கார்ந்தது. டீச்சர் அசையவில்லை. இசக்கிராஜ் கையை வீசி விரட்டினார். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து இமையின் மேல் உட்கார்ந்தது. அப்போதும் டீச்சர் அசையவில்லை.

இசக்கிராஜ் ஸ்டூலை இன்னும் நெருக்கி இழுத்தார். டீச்சர் மூச்சு விடுகிறாரா என்று குனிந்து பார்த்தார். விட்டார். இருந்தாலும் பயம் போகவில்லை.

மேசையில் கிடந்த பரீட்சை அட்டையை எடுத்து இடது கையால் விசிறத் தொடங்கினார். நிறுத்தினால் ஈ வந்தது. அதனால் நிறுத்தவில்லை. வலது கையில் போன்.

‘இறந்தவரின் பெயர்.’

கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார். பேராச்சி. அந்தக் கேள்விக்குக் கீழே அந்தப் பெயர் நிற்பதைப் பார்க்க அவரால் முடியவில்லை. வேகமாக அடுத்ததற்குப் போனார்.

‘வயது.’

“டீச்சர், உங்களுக்கு என்ன வயசு?”

இத்தனை நாளில் கேட்டதே இல்லை. வாய்க்கு வந்த ஒரு வயதைப் போட்டார்.

‘இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?’

மகன், மகள், கணவன், மனைவி, உடன்பிறந்தோர், நெருங்கிய உறவினர். மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். அவர் அதில் இல்லை. எதையும் தொடாமல் தாண்டப் பார்த்தார். சிவப்பாக வந்து நின்றது.

‘இந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேலே செல்ல முடியாது.’

“டீச்சர்,” என்றார் இசக்கிராஜ். “நான் உங்களுக்கு யாரு?”

படிவத்துக்காகத்தான் கேட்டார். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது. துக்கமாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று பிரிக்க முடியவில்லை.

ஈ வந்தது. விசிறினார்.

அண்ணாச்சியின் போன் நம்பரை எங்கே வைத்தோம் என்று தேடினார். ‘எங்கள் வரலாறு’ தாண்டி, ‘எங்கள் நோக்கம்’ தாண்டி, எங்கேயோ அடியில் இருந்தது. ஒற்றைக் கட்டைவிரலால் தள்ளத் தள்ள இதழ்கள் வந்து குறுக்கே விழுந்தன. அந்தப் பக்கத்தை விட்டே வெளியே வந்து, தன் போனில் இருந்த லூர்து அண்ணாச்சியின் பெயரை அழுத்தினார்.

“சொல்லுங்க தம்பி.”

இசக்கிராஜ் விசிறிக்கொண்டே இருந்தார்.

“தம்பி?”

“அண்ணாச்சி… டீச்சர்…”

அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. டீச்சர் உயிரோடுதான் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் வந்தது.

“எங்க இருக்கீங்க?” என்றார் லூர்து அண்ணாச்சி.

“கிளாஸ்ல.”

“சைக்கிள் கட மாடிதான? இந்தா கெளம்பிட்டேன். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். போனையும் வைக்க வேண்டாம்.”

வண்டி உறுமிக் கிளம்புகிற சத்தம் கேட்டது. இசக்கிராஜ் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு விசிறினார்.

மேசையில் திறந்து கிடந்த லேப்டாப்பில் விளக்கு தானாகவே மறுபடியும் முதல் திரியிலிருந்து எரிந்தது, புல்லாங்குழலும் தொடங்கியது.

டீச்சர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, போனுக்குக் கேட்காமல் கிசுகிசுத்தார்.

“சொல்லிட்டீங்களா அண்ணே?”

“சொல்லிட்டேன்.”

“எதுல? மொதல்ல எடுத்த டெம்ப்ளேட்லயா, நீங்க வரைஞ்சதுலயா?”

இசக்கிராஜ் அட்டையைக் கீழே வைக்கவில்லை. எட்டி, முழங்கையால் லேப்டாப்பை மூடினார். புல்லாங்குழல் நின்றது.

“அப்ப ஞாயித்துக்கெழம அண்ணாச்சிக்கு என்னத்தக் குடுப்பீங்க?”

“அதுக்கு இன்னும் நேரம் கெடக்கு டீச்சர். ஒரு நம்பர் போடுததுதான, ஆயிரும்.”

“சரி, நான் எந்திரிக்கட்டுமா?”

“பேசாம கண்ண மூடிப் படுங்க,” என்றார் இசக்கிராஜ். “வண்டி வந்துக்கிட்டு இருக்கு.”